ரெக்கோட் பிளேயர் வாங்கும் முன் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் சில வீடுகளின் ஹோலில் இப்போது ரெக்கோட் பிளேயர் வந்து குந்தியிருக்கிறது. பக்கத்தில் பூச்சாடி, சுவரில் சட்டம் போட்டு மாட்டிய எல்.பி. (33 வேகத்தில் ஓடும் பெரிய தட்டு) உறை. கேட்டால், "இதில கேக்கிறதுதான் பாட்டு, மற்றதெல்லாம் வெறும் சத்தம்" என்பார்கள். இந்த எடுப்பு எங்கள் ஊருக்குப் புதிதில்லை. சபைக் கச்சேரியின் முன்வரிசையிலும் இருந்தது, "பிள்ளை வட இலங்கை சங்கீத சபைச் சோதினையில எத்தினையாம் தரம்?" என்ற விசாரிப்பிலும் இருந்தது. இப்போது சாமானில் வந்து ஏறியிருக்கிறது. சாமானை எடுப்பிலிருந்து பிரித்துப் பார்த்தால்தான் காசு வீணாகாது.

வாங்க நினைப்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் மூன்று வகை. சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற மலிவுப் பிளேயர் ஒன்று. ஓடியோ-டெக்னிக்கா கொம்பனியின் ஏ.ரி.-எல்.பி.60எக்ஸ் இன்னொன்று. அதே கொம்பனியின் ஏ.ரி.-எல்.பி.120எக்ஸ்.யூ.எஸ்.பி. மற்றது, இது 60ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. இனி 60, 120 என்றே சொல்கிறோம்.

சூட்கேஸை வாங்க வேண்டாம். அதில் பொதுவாக இருப்பது செரமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சைகையாக மாற்றும் தலை). ஊசி தட்டில் 5, 6 கிராம் பாரத்தோடு இருக்கும். நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்று எல்.பி.க்குக் கேட்பது பொதுவாக 1.5 முதல் 3 கிராம்தான். பாரத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் சத்தத்தைக் கூட்டக் கூட ஊசி அதிரும், தவில் அடி விழுகிற இடத்தில் துள்ளும். மூன்று வேகமும் (நிமிசத்துக்கு 33, 45, 78 சுற்று) உண்டு என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து, "அப்பப்பாவின்ர பழைய தட்டும் இதில ஓடும்" என்று நம்பி வாங்குகிறார்கள். வேகம் மட்டும் சரியாக இருந்து பயனில்லை. ஊசி பொருந்த வேண்டும். அந்தக் கதை கீழே.

60 முழுத் தானியங்கி. பொத்தானை அமத்தினால் ஊசி பூட்டிய கை தானே எழும்பிப் போய்த் தட்டில் இறங்கும், பக்கம் முடிய தானே திரும்பி வந்து படுக்கும். கண்பார்வை மங்கிய, கை நடுங்குகிற வயதானவர்கள் கேட்கும் வீட்டுக்கு இதைவிடத் தோதான சாமான் இல்லை. ஊசிப் பாரம் ஆலையிலேயே பூட்டி வருவது, நாங்கள் தொட ஒன்றுமில்லை. பொருத்தும்போது பிழைக்கும் இடம் ஒன்றுதான்: சுழல்தட்டின் அடியில் பெல்ட் இருக்கும், தட்டை அச்சில் வைத்தபிறகு, தட்டிலுள்ள துளையூடாகச் சிவப்பு நாடாவைப் பிடித்து இழுத்து அந்தப் பெல்ட்டை மோட்டரின் பித்தளைக் கப்பியில் கொழுவ வேண்டும். கொழுவாவிட்டால் மோட்டர் ஓடும், தட்டு ஓடாது. முறுகிக் கொழுவினால் வேகம் ஆடும். நீண்ட வயலின் இழுப்பில் அது உடனே காதில் படும். கொழுவி முடிந்ததும் நாடாவைக் கழற்றிவிட்டு, தட்டைக் கையால் ஒரு பத்துச் சுற்றுச் சுற்றிவிடுங்கள். முறுக்கு இருந்தால் எடுபட்டுவிடும்.

பின்பக்கத்தில் போனோ, லைன் என்று சின்ன ஆளி. போனோவில் ஊசியின் மெலிந்த சத்தம் அப்படியே வரும், லைனில் உள்ளேயுள்ள பிரீ-அம்ப் (சத்தத்தைக் கூட்டும் பகுதி) ஊடாக வரும். எங்கள் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஹோம் தியேட்டர் செற் அல்லது ஒக்ஸ் துளை உள்ள ஸ்பீக்கர். அதற்கு லைன். ஆளி போனோவில் கிடந்தால் சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல மெலிந்து, அடித்தொனி இல்லாமல் கேட்கும். உடனே "பிளேயர் பழுது" என்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். மறுவளமாக, பழைய அம்பிளிபயரின் போனோ துளைக்குள் லைன் சத்தத்தை விட்டால் கரகரத்து வெடிக்கும்.

120க்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மோட்டர் நேரே தட்டைச் சுற்றுகிறது, பெல்ட் இல்லை. 33, 45 இரண்டு பொத்தானையும் ஒன்றாக அமத்தினால் 78. முதலில் கையின் பின்பாரத்தைத் திருகி, கை மேலும் போகாமல் கீழும் விழாமல் மிதக்க விட வேண்டும். இந்த நேரம் அன்ரி-ஸ்கேற் (கை நடுப்பக்கம் இழுபடாமல் பிடிக்கும் அமைப்பு) பூச்சியத்தில் இருக்கட்டும். கை மிதந்ததும் பின்பாரத்தை அசையவிடாமல், அதன் முகத்திலுள்ள எண் வளையத்தை மட்டும் திருப்பிப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துத் திருகி 2.0இல் விடுங்கள். அன்ரி-ஸ்கேற்றையும் 2இல் வையுங்கள். கூட வருகிற வீ.எம்.95இ கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம்வரை ஆகும். எண்ணை மட்டும் நம்பாமல், சின்ன டிஜிற்றல் ஊசித் தராசு ஒன்று வாங்கி நிறுத்துப் பாருங்கள்.

"பாரம் குறைஞ்சால் தட்டுக்கு நல்லது" என்று 1.2, 1.3இல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தலைகீழ் எண்ணம். பாரம் போதாத ஊசி தவாளிப்பின் (தட்டில் பாட்டுப் பதிந்த பள்ளம்) சுவரைப் பிடிக்காமல் துள்ளித் துள்ளி அடிக்கும். பாரத்தால் தட்டு தேய்வதைவிட அது மோசம். மேல்ஸ்தாயியில் குரல் எழும்பும் இடத்தில் கீறல் சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பாரத்தைத்தான்.

எங்கள் ஊருக்கு முக்கியமான விஷயம் 78. மேற்கு நாடுகளில் 78 தட்டு 1950களோடு ஏறக்குறைய முடிந்துபோனது. இந்தியாவில் 1960களிலும் அச்சாகிக்கொண்டே இருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட அங்கே 78இல் வந்தன. ஆகவே யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டுப் பெட்டியில் தட்டு கிடந்தால் அதில் பாதிக்கு மேல் 78ஆக இருக்கலாம்: கிட்டப்பா, பாகவதர், கே.பி.சுந்தராம்பாள், ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, இவற்றோடு 50கள், 60களின் படப்பாட்டு. 78 தட்டு எல்.பி.யைப் போல வினைல் பிளாஸ்டிக் அல்ல, அரக்கால் செய்த ஷெல்லக். பாரமாக இருக்கும், விழுந்தால் ஓடுபோல உடையும்.

60இல் 78 வேகமே கிடையாது. 120இல் வேகம் உண்டு, ஆனால் கூட வரும் ஊசி எல்.பி. ஊசி. எல்.பி. ஊசி நுனி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 78இன் தவாளிப்புக்கு வேண்டியது ஆயிரத்தில் 3 பங்கு. எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் அது சுவரில் தங்காமல் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்த தூசியை வாசிக்கும். பாட்டுக்கு மேலால் இரைச்சல் கேட்பதன் காரணம் அநேகமாக இதுதான், தட்டு பழசு என்பதல்ல. 120க்கு வீ.எம்.என்.95எஸ்.பி. என்ற 78 ஊசி தனியாக விற்கிறார்கள். கார்ட்ரிட்ஜைக் கழற்றத் தேவையில்லை. பழைய ஊசியை இழுத்துக் கழற்றி இதைச் செருகினால் சரி. இதற்குப் பாரம் 5 கிராம் அளவில் வேண்டும், ஆகவே தராசு கட்டாயம். திரும்ப எல்.பி. ஊசி போடும்போது பாரத்தைக் குறைக்க மறந்தால் ஊசியும் போச்சு, தட்டும் போச்சு.

ஊசிக்குக் காசு கொடுக்கும் முன் தட்டை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். கறுத்து மினுங்கினால் நல்லது. தவாளிப்புகள் சாம்பல் நிறமாக மங்கியிருந்தால், அது உருக்கு ஊசி தின்ற தட்டு. அந்தக் காலத்து உருக்கு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும்; ஷெல்லக்கில் கலந்த தூள் ஊசியையே அரைத்துத் தவாளிப்பின் அளவுக்குக் கொண்டுவருவதற்காகப் போட்டது. ஊசி மாற்றாமல் கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் குழாய் ஸ்பீக்கரில் நாள் முழுக்கப் போட்ட தட்டு என்றால் எந்த விலை ஊசியாலும் அதை மீட்க முடியாது. மயிரிழை வெடிப்பு இருந்தால் சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று கேட்கும். வெடிப்பின் விளிம்பு எழும்பியிருந்தால் வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று. எல்.பி.க்கு 1954க்குப் பின் ஒரே சமன்படுத்தல் முறை (பதியும்போது மேல்தொனியைக் கூட்டி, போடும்போது அதே அளவு குறைப்பது) நிலைத்தது. பிளேயருக்குள் இருக்கும் பிரீ-அம்ப் அந்த முறைப்படிதான் மேல்தொனியைக் குறைக்கும். அதற்கு முந்திய 78இல் அந்த அளவுக்குக் கூட்டிப் பதிந்திருக்காது, ஆகவே மந்தமாகக் கேட்கும். அம்பிளிபயரில் ரெபிளை (மேல்தொனியை) கூட்டினால் ஓரளவு சரிவரும். வடிவாக வேண்டும் என்றால் 120இன் யூ.எஸ்.பி. வயரைக் கொம்பியூட்டரில் கொழுவி, ஒடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் பதிந்து திருத்துங்கள். பதிந்ததும் இடது, வலது இரண்டையும் சேர்த்து மொனோ ஆக்கினாலே இரைச்சலில் ஒரு பங்கு கழிந்துபோகும், ஏனென்றால் 78இன் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. மேல்கீழ் அசைவில் இருப்பது வெறும் குப்பை. 60 வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. அதன் ஊசி வகைக்கு வேறு கொம்பனிகள் 78 ஊசி செய்கின்றன. அதைப் போட்டு 45 வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்து, ஒடாசிற்றியில் வேகத்தை 45இலிருந்து 78க்கு மாற்றலாம். மந்தமும் அப்படியே இடம் மாறும் என்பதால் மேல்தொனியைத் திரும்பச் சமன்படுத்த வேண்டும். கேட்டு ரசிப்பதற்கான வழியல்ல, பாதுகாத்து வைப்பதற்கான வழி.

வெளிநாட்டிலிருந்து வருகிற சாமானுக்கு வருவோம். கனடாவில் அண்ணா வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்பும் பழைய பிளேயர்தான் எங்கள் ஊரில் கூடிய ஏமாற்றம் தரக்கூடியது. அங்கே கரண்ட் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றுக்குப் பயந்து டிரான்ஸ்போமர் வாங்கி வைப்பார்கள். டிரான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்குமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. 70களின் பெல்ட் பிளேயர்கள் பலவற்றில் மோட்டர் ஹேர்ட்ஸைப் பார்த்தே சுற்றும். ஆகவே ஆறில் ஐந்து வேகத்தில்தான் ஓடும்: 33⅓ சுற்று 27.8 ஆகும், 20 நிமிசப் பக்கம் 24 நிமிசம் ஓடும், சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கும். 5 கட்டையில் பாடிய பாடகி 3 கட்டையில் கேட்பார். அதைக் கேட்டுவிட்டு "பழைய ரெக்கோட்டின்ர கனம் பாருங்கோ" என்று விளக்கம் சொல்லக்கூடியவர்களும் எங்களிடம் உண்டு. தம்புரா செயலியில் 5 கட்டை வைத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் கனத்தின் காரணம் வெளிக்கும். அந்த மொடலுக்கு 50 ஹேர்ட்ஸ் கப்பி கிடைத்தால் மாற்றலாம். சில கொம்பனிகள் இரண்டு அளவிலும் செய்தன. கப்பி கிடைக்காவிட்டால் அழகுக்கு வைக்கலாம். லண்டன், ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸிலிருந்து வருவதற்கு இந்தப் பிரச்சினை இல்லை, அங்கேயும் 50 ஹேர்ட்ஸ். 60, 120 இரண்டிலும் டி.சி. மோட்டர், எந்த நாட்டில் வாங்கினாலும் வேகம் மாறாது. அடப்டரில் மட்டும் கவனம்: 'இன்புட்' வரியில் 100-240 என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 மட்டும் என்று இருந்தால் இங்கே குத்த வேண்டாம், வோல்ற்றும் அம்பியரும் முனையும் பொருந்துகிற வேறு அடப்டர் எடுங்கள்.

தட்டைக் கழுவக் கிணற்றுத் தண்ணீர் கூடாது. வலிகாமத்தில் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு தவாளிப்புக்குள்ளும் காய்ந்து நிற்கும். பிறகு பொரிகிற சத்தம் கழுவ முன்னிருந்ததை விடக் கூடும். பற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள் (அசிட்டை அல்ல, கடையில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்). ஒரு லீற்றருக்கு ஒன்றிரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய மைக்ரோபைபர் துணி. தவாளிப்பின் வழியே வட்டமாகத் துடைத்து, வெறும் வடித்த தண்ணீரில் இன்னொருமுறை துடைத்து, நிழலில் நிமிர்த்திக் காயவிடுங்கள். நடு லேபல் நனையக் கூடாது. ஸ்பிரிட் கலந்த கிளீனரை 78இல் ஒருபோதும் பாவிக்க வேண்டாம். ஷெல்லக் அதில் கரையும். வினைலுக்கு ஐதாகக் கலந்தால் தாங்கும். தட்டுகளை அடுக்கிப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், தகரக் கூரைக்குக் கீழ் வேண்டாம். மாரியில் உறையில் பூஞ்சணம் பிடிக்கும், கறையான் உறையைத் தின்றுவிட்டுத் தட்டை விட்டுவைக்கும். இரும்பு றாக்கை சுவரோடு ஒட்டாமல் வைப்பது உதவும். செம்மண் பக்கம் வீடு என்றால் பிளேயர் மூடியைத் திறந்துவிட்டு ஜன்னலையும் திறக்க வேண்டாம்.

இனி எடுப்பு. "வினைல்தான் அசல்" என்பது அரைகுறைப் பேச்சு. இப்போது புதிதாக அச்சாகும் தட்டுகள் பல டிஜிற்றல் மூலத்திலிருந்தே வெட்டப்படுகின்றன. சத்தத்துக்கும் அமைதிக்கும் இடைப்பட்ட வீச்சு சீ.டி.யில் 96 டெசிபெல், எல்.பி. நல்ல நிலையில் 60, 70ஐத் தொட்டால் பெரிய காரியம். அதோடு எல்.பி.யின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழால் செக்கனுக்கு 50 சென்ரிமீற்றர் அளவு தவாளிப்பு ஓடுகிறது, உள்விளிம்பில் 20ஐ ஒட்டி. வேகம் குறைந்த அந்த உள்வட்டத்தில் 'ச', 'ஸ' எழுத்துகள் சீறும். கச்சேரித் தட்டில் உச்சக்கட்டம் வருவது பக்கத்தின் முடிவில் என்பதால் பாதிப்பு விழக்கூடாத இடத்திலேயே விழும். 120இன் நீள்வட்ட ஊசி இந்த இடத்தில் 60இன் உருண்டை ஊசியைவிடத் தெளிவாகச் சுத்தம். இரண்டையும் ஒரே தட்டின் கடைசிப் பாட்டில் ஒப்பிட்டால் விலை வித்தியாசம் எங்கே போனது என்று விளங்கும். முதல் பாட்டில் ஒப்பிட்டால் அவ்வளவாக விளங்காது.

"அந்தக் காலத்தில ஆறுதலாப் பாடிச்சினம்" என்பதும் அப்படித்தான். 10 அங்குல 78இன் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிசம். ஆலாபனையை அதற்குள் மடக்கித்தான் வித்துவான்கள் வைத்தார்கள், வைத்ததில்தான் அவர்களின் கெட்டித்தனம். இரவிரவாக நடந்த வாசிப்பை எங்கள் ஊர் கேட்டது திருவிழாவில், நேரே. அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரமும் தட்சிணாமூர்த்தியின் தவிலும் இந்த ஊருக்கு ரெக்கோட்டால் வந்தவை அல்ல. ரேடியோவாலும் கசெற்றாலும் வளர்ந்த காது எங்களுடையது. 90களில் கரண்ட் இல்லாமல், பற்றரியும் வராமல், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோ சுற்றிக் கேட்ட தலைமுறை இன்று ஹோலில் எல்.பி. உறை மாட்டினால், அது வாங்கிய அடையாளம். வாங்குவதில் பிழையில்லை, ஆனால் கசெற்றில் கேட்டவரை ரசனை குறைந்தவர் என்று சொல்ல அந்த உறை உரிமை தராது.

பெட்டிக்குள் இருப்பதை வைத்து ஒரு வீட்டின் ரசனையை அளக்கவும் முடியாது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது ஷெல்லக் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் யார்? மிஞ்சியது எது என்பதைத் தீர்மானித்தது அதிர்ஷ்டம். சங்கீத வீட்டில் பாகவதர் மட்டும் மிஞ்சியிருக்கும், படப்பாட்டு வீட்டில் யாரோ கொடுத்துவிட்ட சுப்ரபாத எல்.பி. மிஞ்சியிருக்கும். அந்த 1963 எம்.எஸ். சுப்ரபாதம் எத்தனையோ தடவை திரும்ப அச்சானது, ஒன்லைனிலும் கிடைக்கிறது. காட்சிக்கு நல்லது, அரிது அல்ல. எக்கோ லேபலில் வந்த இளையராஜா எல்.பி.களுக்கு இப்போது சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் "டப்பாங்கூத்து" என்று சொல்லி ஹோலுக்குள் விடாதவை. நித்தி கனகரத்தினம், ஏ.இ.மனோகரன் காலத்து எங்கள் பொப்பிசையையும் சங்கீத வீடுகள் பைலாவோடு சேர்த்து ஒதுக்கின. சிறிய 45 தட்டு ஏதாவது இலங்கையில் பதிந்ததாக அகப்பட்டால் லேபலைத் துடைக்காமல், முதலில் போனில் படம் எடுத்து, பிறகு மேலே சொன்னபடி பதிந்து வையுங்கள். நடுத்துளை பெரிதாக இருந்தால் 60, 120 இரண்டுக்கும் கூடவே வட்ட அடப்டர் வரும்.

ஆகவே வாங்குவது பெட்டியைப் பொறுத்தது. எல்.பி.யும் 45உம் மட்டும் என்றால் 60 போதும், மிச்சக் காசுக்கு ஸ்பீக்கர் வாங்குங்கள். பிளேயரில் கூட்டிய காசைவிட ஸ்பீக்கரில் கூட்டிய காசு காதுக்குத் தெரியும். பத்துத் தட்டுக்கு மேல் நல்ல நிலையிலுள்ள 78 இருந்தால் 120, 78 ஊசி, தராசு மூன்றும் சேர்த்து. 78 இரண்டே இரண்டு என்றால் 120 வைத்திருக்கிற ஒருவரிடம் கொடுத்துப் பதிந்து வாங்குங்கள். பெட்டியே இல்லாமல், போனிலுள்ள பாட்டை விட்டுப் பழைய தோற்றத்துக்காக மட்டும் வாங்க நினைப்பவர்கள் அதே காசுக்கு நல்ல ஹெட்போன் எடுக்கலாம். எது வாங்கினாலும் மாற்று ஊசி ஒன்றைச் சேர்த்தே எடுங்கள்: ஊசி 300 முதல் 500 மணித்தியாலத்தில் தேயும், பிறகு கொழும்புக்கு ஆள் போகும்வரை பிளேயர் சும்மா கிடக்கும்.